மேற்கு வெயில்

அன்புள்ள அண்ணா,

பசுமைக் கட்டட வல்லுநர் தேர்வில் தேறிவிட்டேன். "பச்சை பெயின்ட் அடிக்கவா ஒரு படிப்பு?" என்று நீ கேட்டதை எப்போதோ மறந்துவிட்டேன்.

மருத்துவமனை ஒன்றுக்கு வரைபடம் கொடுத்தேன். மேற்கு வெயில் விழும் பக்கம் படிக்கட்டும் கிடங்கும், நோயாளிகள் கிழக்கே. "ஏ.சி. இல்லாம தாங்குமா?" என்றார் தலைமை மருத்துவர். "கோடை மத்தியானம் நீங்களே வந்து படுத்துப் பாருங்க டாக்டர்" என்றேன். சிரித்தபடி ஒப்புக்கொண்டார்.

நீ தனியாகப் போன பிறகும் நம் அலுவலகப் பலகையில் உன் பெயர் இருக்கிறது. பெயின்டர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

யார் கட்டுவார்கள் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். "எங்க அண்ணன். கோபக்காரர்தான், ஆனா அவர் போட்ட கூரை ஒழுகாது" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அஸ்திவாரத்துக்கு இடம் அளக்கிறோம். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனைக்கு வேறு யாரையும் கூப்பிடவில்லை.

உன் தங்கை