ரதி பிடித்த கை

அன்பின் ரோகினி,

மஸ்கெலியாக் குளிரிலும் நான் சுகம். உனக்குத் தடிமனும் தும்மலும் மாறியதா?

நேற்றுத் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. வாத்தியார் என்று எனக்கு முன்வரிசையில் கதிரை தந்தார்கள். சிவனிடம் எரிந்துபோகப் புறப்பட்ட மன்மதனின் கையைப் பிடித்துக்கொண்டு, ரதி விடமாட்டேன் என்று அழுதாள். ரதி வேடத்தில் கொழுந்து நிறுக்கும் செல்லசாமி, மீசையை மழித்துவிட்டு நின்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாட்டு நின்றது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்திலிருந்த நாகலெட்சுமி கண்ணைத் துடைத்தபடி, "சிரிக்காதீங்க சார், அவங்க புருசன் போறாருங்க" என்றார்.

பெரிதாக ஒன்றுமில்லை. கூத்து தொடர்ந்தது.

இதைக் கொண்டுவரும், என்னோடு படிப்பிக்கும் மதுரா ரீச்சரிடம் மிளகாய்த்தூளும் தடித்த போர்வையும் கொடுத்துவிடு. அவருடைய பஸ் வந்துவிட்டது.

இங்கே வரப் புறப்பட்ட அன்று யாழ்ப்பாணத்தில், ஆட்கள் பார்க்கிறார்கள் என்று உன் கையை உதறிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், ரோகினி.

கஜதீபன்