நான் அடைத்த புட்டிகள்

கொல்லம் 1130, மாசி 9. இரவு.

யாரிடமும் சொல்ல முடியவில்லை. மருந்துச் சீட்டுகளைப் பார்த்துக் கூட்டிக் கற்ற எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

வைத்தியசாலை மாடியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் செல்லப்பன் காலையில், "பாட்டா, உம்ம மீசைக்கு ஒரு பெண்ணு பாக்கட்டா?" என்று சிரித்தான். மத்தியானம் தெருவில் ஒரு பஸ்ஸின் டயர் வெடித்தது. மாடியில் அலறல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்து அழுகிறான். அவனைச் சுற்றி ஏழு அரிஷ்டப் புட்டிகள், எல்லாம் காலி. தக்கையில் கட்டிய நூல் என் முடிச்சு; இங்கே புட்டி அடைப்பவன் நான்தான்.

"எங்கேருந்து மக்கா இத்தனை கிட்டிச்சு?"

"உம்ம அலமாரிலேருந்துதான். நீரு மத்தியானம் உறங்குவீருல்லா."

போன ஆடியில், தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த ஊர்வலத்தில் போலீஸ் சுட்டபோது, பக்கத்தில் நின்ற, கூடப் படித்த கூட்டுக்காரன் இவன் மேல்தான் செத்து விழுந்தான். அன்றிலிருந்து இவனுக்கு உறக்கமில்லை. வைத்தியரிடம் கேட்காமல் முதல் அவுன்ஸை ஊற்றிக் கொடுத்தவன் நான். அரிஷ்டத்தில் போதை உண்டு; ஆனாலும் மருந்துதானே என்று நினைத்தேன். சாராயத்தைத் தொடாதவன் மருந்தென்பதால் கூசாமல் குடித்திருக்கிறான்.

"நாளைக்கு அம்மை வருவா. சொல்லிராதீரும், பாட்டா."

கெஞ்சினான். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் மகனை என்னை நம்பித்தான் அந்த அம்மா இங்கே விட்டுப் போனாள். நாளை சொல்லத்தான் வேண்டும். நான் கொடுத்த முதல் அவுன்ஸிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும்.

அலமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்திருக்கிறேன். மாடிப்படியில் காலடி கேட்கிறது. இறங்கி வருகிறான். சாவி கேட்டுக் கையை நீட்டினால் என்ன சொல்வேன்?