பாறையின் மேல்தோல்

நவம்பர் 4

இல்லை, அந்தப் பாறை ஆண்டிசைட் என்று நான் சொல்லவில்லை. ஆண்டிசைட்டாக இருக்கலாம் என்று எழுதினேன். என் நெறியாளர் வைத்தி சார் திருத்தித் தந்த கட்டுரைப் பிரதியில் ‘இருக்கலாம்’ இல்லை. அவர் பேனா பட்டால் செவ்வாய் கிரகமும் உறுதியாகிவிடும்.

இந்த வடக்கத்தி ஊரின் புகைமூட்டத்தில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. இங்கே உட்கார்ந்து, விண்கலம் அனுப்பிய வெப்ப நிறமாலையை வைத்து, அந்தக் கிரகத்தின் பாறைக்குப் பெயர் வைக்கிறோம்.

நவம்பர் 11

பசால்ட் சாதாரண எரிமலைப் பாறை. செவ்வாயில் எங்கும் அதுதான். ஆண்டிசைட் என்றால் உருகியபோது அடியில் தண்ணீர் இருந்திருக்கக்கூடும். தண்ணீர் என்றால் பேட்டி எடுக்க வருவார்கள்.

நவம்பர் 19

புணே பக்கத்து பசால்ட் துண்டு ஒன்று. அறுத்த முகத்தை அளந்தேன்: பசால்ட். வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறிய மேல்தோலை அளந்தேன். அதன் நிறமாலைக் கோடு செவ்வாயின் கோட்டின் மேல் அப்படியே படுத்துக்கொண்டது.

மூன்று முறை அளந்தேன். அப்படியானால் நாங்கள் ஆண்டிசைட் என்று பார்த்தது பசால்ட்டின் வெறும் தோலா?

நவம்பர் 20

சாரிடம் காட்டினேன். எல்லோர் முன்னாலும் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறவர், கதவைச் சாத்தியதும் தமிழ்.

“இங்க பாரும்மா, இந்த டிபார்ட்மென்ட்ல நீயும் நானும்தான் தமிழ். அங்க போய் யாரு சுரண்டிப் பாக்கப் போறா?”

“மேல்தோலாவும் இருக்கலாம்னு ஒரு வரி சேத்துக்கலாம் சார்.”

“அந்த வரியைச் சேத்தா பேப்பரே இல்ல. உன் பிஎச்.டி. எக்ஸ்டென்ஷன் ஃபார்ம் எங்கிட்டதான இருக்கு? கையெழுத்து ஜல்தி வேண்டாமா?”

சிரித்துக்கொண்டே சொன்னார். தாய்மொழியில் மிரட்டப்படுவது இதுதான் முதல் முறை.

நவம்பர் 21

அம்மா போனில்: “உம் பேரு வந்தாப் போதும்டி. கல்லுக்கா வலிக்கப்போவுது?”

கல்லுக்கு ஒண்ணும் ஆவாது. சரி. நான் என்ன பண்றது? நாலு வருஷம் —

நவம்பர் 26

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி சாருக்கு எழுதினேன். ‘நோட்டட்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில். ஃபார்மைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17

கட்டுரை வந்துவிட்டது. ஐயமின்றி ஆண்டிசைட். கடைசிப் பத்தியில் எனக்கு நன்றி, ‘தரவுகளை அடுக்கி உதவியமைக்கு’.

ஃபார்மில் கையெழுத்து விழவே இல்லை. ஆய்வுப் பதிவு ஜனவரியோடு முடிந்தது. இன்று என் அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்கவில்லை. காவலர், “கார்டு பந்த் ஹோ கயா, பேட்டி” என்றார், அட்டை முடங்கிவிட்டது மகளே என்று. இங்கே இந்த அளவு மென்மையாக என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிப்ரவரி 18

மூன்று அளவீடுகளையும் விளக்கத்தோடு அதே இதழுக்கு மறுப்பாக அனுப்பினேன். எழுதியவர் என்ற கட்டத்தில் என் பெயர் மட்டும். நிறுவனம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நிரப்பினேன்.