மஞ்சளுக்குக் காத்திருக்கும் அழைப்புகள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934, மார்கழி 6

அக்கா, இது புஷ்பவல்லி. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் மறைக்காமலும் கூட்டாமலும் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று பேனாவைத் தொடும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் பேச்சைக் கடிதத்துக்கு ஏற்ற எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறேன், மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே போடுகிறேன். இனி ‘நான்’ என்று வந்தால் அது அம்மா. அடைப்புக்குள் வருவது நான்.

அன்பு மகள் ரமணிக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, பாலன், புஷ்பா, நான் எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படி இருக்கிறாய் என்று உன் எழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. கெடாவில் மழை விடவில்லை என்றும் நீ பாடம் சொல்லும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றும் எழுதியிருந்தாய். நீ கொயினா மாத்திரையைக் கசக்கிறது என்று ஒதுக்காமல் விழுங்கு, கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொள். மாப்பிள்ளை பக்கிரிசாமியைக் கொண்டுபோன காய்ச்சல் அது. உன் தம்பி பாலனுக்குத் தை மாதக் கடைசியில் முகூர்த்தம் வைத்திருக்கிறது, பெண் கிள்ளான் பக்கத்து மேருவில் அய்யாவுவின் மகள் என்று முன்பே எழுதினோம். அதற்கு நீ, தம்பியை இங்கிருந்தே வாழ்த்துகிறேன், தாலி இல்லாத நான் மணவறைப் பக்கம் வந்து நின்றால் ஊர் பேசும், அதனால் வரவில்லை என்று பதில் போட்டாய். அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் மறுமொழி எழுதவில்லை. இதுதான் மறுமொழி. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

நீ இங்கே இருந்தபோது தொடங்கிய காகித வேலை இப்போது பெருகிவிட்டது. தீபாவளிக்கு ஆபீஸ்காரர்கள் துரைமாருக்குக் கொடுக்கும் வாழ்த்து அட்டை, கல்யாணப் பந்தலுக்குக் காகிதப் பூச்சரம், அழைப்பு அட்டை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. அச்சாபீசில் எழுத்து மட்டும் அடித்து வாங்குகிறார்கள், அதன் மேல் மயிலும் மாவிலைத் தோரணமும் வெட்டி ஒட்ட என்னிடம் வருகிறார்கள். மயிலுக்கு இன்றைக்கும் நீ தகரத்தில் வெட்டிக் கொடுத்த அச்சுத்தான். பசை காய்ச்சும்போது பூச்சி அண்டாமலிருக்கத் துளி மயில்துத்தம் போட மறந்து ஒரு தடவை கரப்பான் நாற்பது அட்டையைத் தின்றுவிட்டது. (அம்மா முதலில் நூறு என்றாள். நான் ஞாபகப்படுத்தியதும் நாற்பது ஆயிற்று.)

கார்த்திகையில் அப்பாவின் ஆபீஸ் பெரிய கிளார்க் தியாகராசா தம் மகள் சிவமலரின் கல்யாணத்துக்கு அழைப்பு செய்யச் சொன்னார். யாழ்ப்பாணத்து மனிதர், ஒவ்வொரு அட்டையையும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். நம்மவர்களுக்குப் போகிறவை மஞ்சள் அட்டை. சீன நண்பர்களுக்கு மட்டும் தனியாக, பிள்ளையார் படம் இல்லாமல் இங்கிலீஷ் எழுத்தில் வேண்டும் என்றார். அவர்களுக்கு அனுப்புவதில் அவர்கள் சாமான் ஏதாவது இருந்தால் கௌரவமாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. பெட்டாலிங் தெருவில் ஊதுபத்தி விற்கிற சீனக் கடையில் ஒரு தாள் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும், பார்த்திருப்பாய். முரட்டு மூங்கில் தாள், நடுவில் வெள்ளி மின்னும் சதுரம். அந்த வெள்ளியை வட்டமாக வெட்டி மயிலுக்குப் பின்னால் நிலாவாக ஒட்டினால் எப்படி இருக்கும்! கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் கேட்ட விலைக்கே தலையைக் குனிந்து இரண்டு கையாலும் கொடுத்தார். இவ்வளவு மரியாதை தெரிந்த கடைக்காரர் நம்மிலே உண்டா என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். வெள்ளை அட்டையில் வெள்ளி நிலா ஒட்டியதும், என் கையாலே செய்ததா இது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

(இதற்கு அடுத்ததை நான்தான் பார்த்தேன், அதனால் நானே எழுதுகிறேன். மீந்த அட்டை ஒன்றைப் பெருமையாகப் பள்ளிக்குக் கொண்டுபோய் என் பக்கத்தில் உட்காரும் சீனப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “இது செத்தவங்களுக்கு எரிக்கிற தாள், புஷ்பா. அந்த உலகத்துல அவங்க செலவுக்குப் பணம். இதைப் போய் எனக்கு ஏன் குடுக்கிற?” என்றாள். வெள்ளை அட்டையும் துக்கத்துக்குத்தானாம். அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று எனக்குத் தெரியாது.)

புஷ்பா வந்து சொன்னபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். கடைக்காரர் பேரம் பேசாமல் தலை குனிந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது, என் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று இரங்கியிருக்கிறார். அட்டைகளெல்லாம் தபாலில் போயாகிவிட்டன. அப்பா, “வாயை மூடிக்கிட்டு இரு, கேட்டா பாத்துக்கலாம்” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, அன்று சாயங்காலமே தியாகராசா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன், சிரித்தார். “அதுதானே! எங்கட ஆபீசுச் சீனக் கிளார்க், ‘தியாகராசா, என்னை இப்பவே அனுப்பப் போறியோ’ எண்டு கேட்டவன். விளங்காமல் நானும் சேர்ந்து சிரிச்சனான்” என்றார். ஆனால் உள்ளே கதவோரம் நின்ற சிவமலருக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்பா, மெய் லானுக்கும் அந்தக் கார்டுதானே போனது? அவளின்ரை தகப்பன் செத்து இன்னும் ரெண்டு மாசம் ஆகேல்லை. அதுதான் அவள் மறுமொழி போடேல்லை” என்றாள். மெய் லான் கிள்ளானில் இருப்பவள், சிவமலரோடு சேர்ந்து வாத்தியார் படிப்புப் படித்தவள், ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதி. துக்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு வரக் கூடாது என்று நம்மைப் போலவே அவர்களிலும் உண்டாம். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சாவுத் தாள் ஒட்டி அழைப்பு அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? அழைப்பது போல அழைத்து, நீ சாவு வீட்டுக்காரி, வராதே என்று சொன்னதாகத்தானே எடுத்துக்கொள்வாள்?

சிவமலர் தானே போகிறேன் என்று அழுதாள். தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டது, அதன் பிறகு பெண் படி தாண்டக் கூடாது என்று அவள் தாயார் தடுத்தார். நான், வெட்டியது என் கை, நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் இங்கிலீஷுக்குப் புஷ்பாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிள்ளான் ரயில் ஏறினேன். ராத்திரியே அவர்களுக்கு மங்கலமான சிவப்பில் ஓர் அட்டை செய்து பையில் வைத்திருந்தேன். ரயிலில் போகும்போது புஷ்பா, துக்க வீட்டுக்குள் சிவப்புக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வெள்ளையும் தப்பு, சிவப்பும் தப்பு என்றால் நான் எந்த நிறத்தில்தான் மன்னிப்புக் கேட்பேன்? கடைசியில் அந்த அட்டை பையை விட்டு வெளியே வரவே இல்லை.

பிஸ்கட் கடைக்கு மேல் மாடியில் வீடு. கதவில் புது வருஷத்துக்கு ஒட்டிய சிவப்புத் தாள்களின் மேல் குறுக்காக வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மெய் லான் கறுப்புச் சட்டையோடு, சட்டைக் கையில் துக்க அடையாளமாகச் சின்னத் துணித்துண்டு ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தாள். நான் யார் என்று புஷ்பா சொன்னதும் அவள் முகம் இறுகிவிட்டது. நான் எனக்குத் தெரிந்த, சந்தையில் பேசுகிற பாசார் மலாயில், மகளே, இது சிவமலர் செய்ததில்லை, நான் செய்தது, அழகாக இருக்கிறதே என்று ஒட்டிவிட்டேன், அது என்ன தாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு, “நான் வர்றது அவளுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அதை வாயால சொல்லியிருக்கலாமேன்னுதான் அழுதேன்” என்றாள். (இங்கிலீஷில் சொன்னாள். நான் அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.)

அந்த அட்டையைக் கொடுங்கள், நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று கேட்டேன். உள்ளே வெள்ளித் தாளைப் படகு போல மடித்து மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த அவள் தாயார் நிமிர்ந்து பார்த்தார். “அது இல்ல. எரிச்சாச்சு” என்று மலாயில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சாவதானமாக அடுத்த தாளை மடித்துக்கொண்டே, “கோபத்துல எரிக்கல. வெள்ளித் தாள் இருந்துச்சு, இவ அப்பா பேரைச் சொல்லி மத்த தாளோட சேத்து எரிச்சேன். அந்தப் பொண்ணு எங்க வீட்டுல எத்தனை நாள் சோறு சாப்பிட்டிருக்கு, அது கல்யாணத்தைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்ப கார்டு அவருக்குப் போய்ச் சேந்திருக்கும்” என்றார். மகளைப் பார்த்தும் அதே மலாயில், “அப்பாவுக்குக் கார்டு வந்திருக்கு. அவரால போக முடியாது. வீட்டுல யாராவது ஒருத்தர் போகத்தானே வேணும்?” என்றார். மடிப்பது எப்படி என்று அவர் காட்ட, உட்கார்ந்து நானும் இரண்டு படகு மடித்தேன். என் மடிப்பு கோணலாக இருக்கிறது என்று பிரித்துத் திருப்பி மடித்தார்.

சிவமலர் வீட்டிலும் முணுமுணுப்பு எழுந்ததாம். அவள் ஒரே பிடியாக, “அவள் வராட்டில் நான் மணவறையில இருக்க மாட்டன்” என்று சொல்லியிருக்கிறாள். தியாகராசா, “ஆர் வர வேண்டாம் எண்டது? வரட்டும்” என்று முடித்துவிட்டார். கல்யாணத்தன்று மெய் லான் நீலப் பாவாடை சட்டையில் வந்தாள். ஓரமாக நிற்கப் போனவளை மணப்பெண் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். என் காகிதப் பூச்சரத்தின் கீழேதான் நின்றாள். மேளம் கொட்டியது, தாலி ஏறியது, ஒரு குறையும் இல்லை.

ரவாங்கிலிருந்து உன் இராஜம்மா அத்தையும் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் என் காதோடு, “என்ன பவுனு, சாவு வீட்டுப் பொண்ணைக் கொண்டாந்து மணவறையில நிறுத்தி வெச்சிருக்காங்க. கேக்க ஆளில்லையா?” என்றார். அப்பன் செத்தால் அந்தப் பெண் என்ன செய்வாள் அண்ணி என்று நான் கேட்டேன். “அது அவங்க வீட்டுக் கதை. நம்ம வீட்டுல ரமணிக்குப் புத்தி இருக்கு. அவளே வரலைன்னு எழுதிட்டா, நமக்குச் சங்கடம் வைக்கல” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். நானும் இத்தனை நாள் அப்படித்தானே இருந்தேன்? நீ வரவில்லை என்று எழுதினாய், நானும் வா என்று எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன், பெற்ற மகளுக்கு ஒரு தபால் கார்டு எழுத எனக்குக் கை எழவில்லை. இலையை விட்டு எழுந்து, “அவ வராம என் வீட்டுல மேளம் கொட்டாது அண்ணி” என்று சொல்லிவிட்டேன். (அம்மா மெதுவாகச் சொன்னதாகச் சொல்கிறாள். மெதுவாகச் சொல்லவில்லை. பாயசம் ஊற்றியவர் வாளியோடு நின்றுவிட்டார்.) அப்பா மறுநாள் வேலை விட்டு வரும்போது பாசாரில் மஞ்சள் கிழங்கு வாங்கி வந்து என் பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேல் கழுவப் போனார். பாலனுக்கும் நீ வந்து நிற்க வேண்டும் என்றுதான் ஆசை, அதை உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கிறான்.

ரமணி, பாலன் கல்யாணத்துக்கு அழைப்புகள் எல்லாம் வெட்டி ஒட்டித் தயாராகிவிட்டன. தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றின் மூலையிலும் மஞ்சள் தடவவில்லை. மஞ்சள் தடவாத அழைப்பை யாருக்கும் அனுப்ப முடியாது என்று உனக்குத் தெரியும். சுமங்கலிதான் தடவ வேண்டும், நானே வந்து தடவுகிறேன் என்று அத்தை சொல்லி அனுப்பினார். வேண்டாம், என் மூத்த மகள் வந்து தடவுவாள் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் லீவு விட்டாகிவிட்டது அல்லவா, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விருந்தாளி போல வராதே, இப்போதே புறப்படு. நீ வரத் தாமதமானால் அழைப்பு தாமதமாகும், ஊர் என்னைத்தான் திட்டும், திட்டட்டும். நாலு பேர் பேசினால் பேசட்டும் என்று என்னால் லேசாகச் சொல்லிவிட முடிகிறது, அதைக் காதில் வாங்கப் போகிறவள் நீ. அதனால் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். பெட்டியை மட்டும் திறக்க மாட்டேன்.

இதோடு வருவது உன் அழைப்பு. இது ஒன்றுக்கு மட்டும் நாலு மூலையிலும் நான் மஞ்சள் வைத்திருக்கிறேன். வரும்போது நீ கொண்டுபோன சின்னக் கத்தரிக்கோலை மறக்காமல் எடுத்து வா, மயில் கொண்டைக்கு இங்கே இருக்கிறது சரிப்படவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நனையாதே. நீ தீர்க்காயுசாக, காய்ச்சல் அண்டாமல், சொன்ன சொல் கேட்கிற பள்ளிப் பிள்ளைகளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
பவுனம்மாள்

(கையெழுத்து அம்மாவே போட்டது. ‘ள்’ மட்டும் நான் கை பிடித்துக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் விரல் அடையாளமும் அம்மாவுடையது, கறை என்று நினைத்துத் துடைத்துவிடாதே அக்கா. அப்பாவுக்குக் காலை வேலை, போதும் படுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அம்மா உன் அழைப்பை உறையில் போடுவதும் மறுபடி எடுத்துப் பார்ப்பதுமாக இருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். ஒரு மூலையில் மஞ்சள் குறைவாக இருக்கிறதோ என்று சந்தேகமாம். அப்பா விளக்கை அணைத்துவிட்டார். அடுத்த வீட்டு வெளிச்சத்தில் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன், அம்மா இன்னும் மஞ்சள் கிண்ணத்தைத் தடவித் தேடிக்கொண்டிருக்கிறாள்.)