வேகமான டிஸ்க்கும் மெதுவான வயரும்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து ஆனிக் காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுத்துவிட்டேன், ஒரு கிழிசலோடு.

வளர்மதி கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் டீச்சர். திங்கள் விடியற்காலை பஸ் ஏறினால் வெள்ளி மாலைதான் கீழே, கள்ளக்குறிச்சிக்கு. போன மாசியில்தான் கல்யாணம் ஆனது. எனக்கு 44, அவளுக்கு 39. இவ்வளவு காலம் தனியாக இருந்துவிட்டு, கூட இருப்பவரிடம் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "சாப்பிட்டியா", "சாப்பிட்டீங்களா". இதை வைத்தே வண்டி ஓடுகிறது.

ஞாயிறு மட்டும் வேறு. பிள்ளைகள் வாசிப்பதை வாரம் முழுக்க வீடியோ எடுத்து லேப்டாப்பில் கொண்டு வருவாள். என் பழைய ஹார்ட் டிஸ்கில் அதை ஏற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. திரையில் பச்சைக் கோடு நகர்வதையே இருவரும் பார்த்தபடி இருப்போம். அப்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும்.

இன்று:

9% – காவேரி, மூன்றாம் வகுப்பு. பாடம் முழுக்க மனப்பாடம், ஆனால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். வீடியோவைப் போட்டுக் காட்டினாள். சிரித்தோம்.

26% – மலை குவார்ட்டர்ஸ் ஓட்டுக்குள் அணில் குடித்தனம். வாடகை தருவதில்லையாம்.

40% – அவளுக்கு 27 வயதில் நிச்சயம் வரை வந்து நின்றுபோன சம்பந்தம். யாரிடமும் பேசியதில்லையாம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்திருக்கலாம்.

72% – "ஏங்க, டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வருதுங்க…"

அந்த நேரம் பார்த்து டிஸ்க் டக் டக் என்றது. கோடு நின்றுவிட்டது.

"ஐயோ, போன வருசத்துலேர்ந்து புள்ளைங்க படிச்சதெல்லாம் இதுலதாங்க கீது."

கழற்றி மாட்டியதும் உயிர் வந்தது. டிரான்ஸ்ஃபர் பேச்சுதான் திரும்ப வரவில்லை. கீழே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வந்தாளா, வரமாட்டேன் என்றா? கேட்க பயம்.

ஜூலை 8, செவ்வாய்

என் ஜெராக்ஸ் கடையில் காலை நல்ல கூட்டம். டோனர் தீரப் போகிறது. மதியம் சேலம் ரோட்டில் ரஃபியின் கம்ப்யூட்டர் கடை, வளர்மதி கையோடு வைத்துக்கொள்ள ஒரு புது டிஸ்க் பார்க்க. ஊரில் எல்லோரும் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்கு ஜெராக்ஸ் தெரியும், அவ்வளவுதான்.

"இன்னாத்துக்குண்ணே ஓணும்?"

"மலைக்கும் இங்கயும் பஸ்ஸுல போய் வர்றதுக்கு."

"அப்போ சுத்துற டிஸ்க் ஓணாம்ணே. அத்தினி வளைவுல குலுங்கிக்கினு போனா உள்ள தட்டு இன்னாத்துக்கு ஆவும்? எஸ்எஸ்டி எடுத்துக்கோ. உள்ள ஒண்ணும் சுத்தாது, கீழ வுழுந்தாகூட தாங்கும். வேகமும் ஜாஸ்தி."

குறித்துக்கொண்டவை:
– 1 டிபி போதும். 2 டிபி மேல் ஆசை.
– பெட்டியில் 1000 எம்பி வேகம் என்று போட்டிருந்தாலும் முழுதாக வராது. பாதி வந்தாலே பெரிது.
– லேப்டாப்பில் எந்த ஓட்டையில் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்தது. வளர்மதியுடையது பரவாயில்லை, புதுசு.
– ஆன்லைனில் கம்மி விலைக்கு 16 டிபி: அத்தனையும் டூப்ளிகேட். நிறைந்த பிறகு பழைய ஃபைல் மேலேயே எழுதிவிடுமாம். டீக்கடை மணி அதில் இரண்டு வாங்கி வைத்திருக்கிறான், சொல்ல வேண்டும்.
– கூட வரும் வயரையே போட வேண்டும். போன் சார்ஜர் வயரும் பார்க்க அதே மாதிரிதான், ஆனால் மாட்டு வண்டி வேகம்.

"அண்ணிக்காண்ணே?" என்றான். ஆமாம் என்பதற்குள் எனக்கு முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த வயதில்.

ஜூலை 9, புதன்

வாங்கியாயிற்று. 2 டிபியே. கறுப்பா நீலமா என்று அரை மணி நேரம் நின்றேன். ரஃபி கொட்டாவி விட்டான். நீலம்.

மாலை அவளிடமிருந்து போன். மேலே தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது. சாப்பிட்டியா?"

"ஆங்… நீங்க?"

கட். டிஸ்க் பற்றிச் சொல்லவில்லை. கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

கடைக் கம்ப்யூட்டரில் சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு ஃபைல் சேர்த்துப் புது டிஸ்கில் ஏற்றினேன். நான்கே நிமிடம். கை தட்டிவிட்டேன்.

ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த அம்மா, "இன்னாபா, பிரைஸ் வுழுந்துச்சா?"

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. நான்கு நிமிடம். நான்கு நிமிடத்தில் காவேரியே வந்திருக்க மாட்டாள். அணில் இல்லை. நின்றுபோன சம்பந்தம் இல்லை. வாரத்தில் எனக்குக் கிடைப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதை நானே காசு கொடுத்து ஒழித்துவிட்டேன். தயிர் சோற்று டப்பாவை மூடிவிட்டேன்.

டிஸ்கோடு வந்த வயரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியில் என் போன் சார்ஜர் வயர். கிறுக்குத்தனம்தான். யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நல்ல மழை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்தாள். துவட்டிக்கொண்டதும் கொடுத்தேன்.

"இத்தினிக்கோண்டா! இதுக்குள்ள எங்க புள்ளைங்க எல்லாம் அடங்குமா?"

சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டாள். சொருகுகிற ஓட்டையில் படாமல் இடச் சொன்னேன். எனக்கும் ஒரு பொட்டு. சட்டைப் பையில் இருந்த வயர் குத்தியது.

ஜூலை 13, ஞாயிறு

வெயில் இல்லை. சார்ஜர் வயரைத்தான் மாட்டினேன். கோடு பழையபடி ஊர்ந்தது. அல்ப சந்தோஷம்.

34% – சின்ன வயதில் கச்சிராயபாளையத்தில், ஓடுகிற லாரியிலிருந்து கரும்பு உருவப் போய் விழுந்து பல் உடைந்த கதை. முன்பல் ஒன்று கட்டின பல்லாம்! ஐந்து மாதமாக அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன், தெரியவில்லை.

45% – காலிப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். டீச்சர் அல்லவா.

"ஏங்க, இதுல ஆயிரம்னு போட்டிருக்குது. நமக்கு முப்பதுதான் காட்டுது. ஏமாத்திட்டானா கடைக்காரன்?"

ரஃபி மேல் பழி போட வாய் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து வயரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இதப் போட்டா நாலு நிமிஷம்."

"அப்போ ஏன் போடல?"

"நாலு நிமிஷத்துல முடிஞ்சா நீ எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடுவ."

ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். வயரை மாற்றினாள். நான்கு நிமிடமும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. முடிந்தது. கோடு மறைந்து வெறும் திரை. அவள் எழுந்திருக்கவில்லை.

பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"போன வாரம் டிரான்ஸ்ஃபர்னு ஆரம்பிச்சியே?"

"நான் இந்த வருசம் கேக்கலங்க. அஞ்சாவது புள்ளைங்க இப்பதான் எழுத்துக்கூட்டிக்கினு இருக்குதுங்க, பாதியில வுட்டுட்டு வர மனசு வரல. சொன்னா நீங்க கோச்சிக்குவீங்கன்னு முழுங்கிக்கினு கீறேன்."

வலித்தது. இங்கே மறைத்து என்ன, நன்றாகவே வலித்தது.

"இங்க இருக்கப் புடிக்கலயா உனக்கு?"

என்னை நேராகப் பார்த்தாள்.

"புடிக்காமயா வாராவாரம் அத்தினி வீடியோ தூக்கிக்கினு வரேன்? அதுல பாதி ஒண்ணுத்துக்கும் ஆவாதது. அங்கயே அழிச்சிருக்கலாம்."

சிறிது நேரம் எனக்குப் புரியவேயில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு வாரம் மேல வாங்களேன்" என்றாள். சனிக்கிழமை வியாபாரம் போய்விடும் என்று வழக்கம்போல உளறினேன். சமையல் மூன்று மணிக்குத்தான் முடிந்தது.

ஜூலை 16, புதன்

நைனார்பாளையத்திலிருந்து அக்கா போன்.

"நாளைக்கு ஆடி பொறக்குது. புதுப் பொண்ணத் தாய் வூட்டுக்கு அனுப்பலியாடா?"

"அவ மலையில இருக்கா."

"அதுவும் சரிதான். எப்படியும் பிரிஞ்சிதான கீறீங்க."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதிலேயே நின்றது. டோனர் வந்துவிட்டது.

கடைக் கதவில் ஒட்ட ஒரு தாள் அடித்தேன்: சனி விடுமுறை. தேதி போடவில்லை. எல்லா சனிக்கும் ஆகும்.

ஜூலை 19, சனி

வாந்தி இரண்டு முறை. வளைவுகளைப் பற்றி ரஃபி சொன்னது சும்மா இல்லை. மேலே நல்ல குளிர், ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை.

நான் வருவதால் அவள் நேற்று கீழே இறங்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள். பின்னால் ஹாஸ்டல் பிள்ளைகள் ஏழெட்டு பேர்.

"யாரு டீச்சர் இவரு?"

"எங்க வூட்டுக்காரரு."

அவள் வாயால் இதைக் கேட்பது முதல் முறை. ஒரு பெண் என் பையை வாங்கிக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு நாற்காலி. லேப்டாப்பை எடுக்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்ததில் சோறு குழைந்துவிட்டது. நான் பேசினேன், ஆச்சரியம். அம்மா படுக்கையில் இருந்த ஆறு வருடம், கடை வைத்தது, பெண் பார்க்கப் போய் மயங்கி விழுந்தது. இதெல்லாம் எனக்குள் இருந்ததே மறந்திருந்தது.

"ஏங்க, இன்னா எழுதிக்கினே கீறீங்க? எனக்குச் சொல்லக் கூடாதா?"

சொல்லப் போகிறேன்.