உன் நம்பரில் பேசியவன்

அனுவின் அம்மாவுக்கு,

உன் தங்கை போனில் கூப்பிட்டே பேசியிருப்பேன். அவள் பக்கத்தில் நிற்பாள் என்பதால் எழுதுகிறேன்.

"சிம் இன்னைக்கே கட் ஆயிடும்மா, மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று எந்தக் கம்பெனியும் கேட்காது. கேள்வித்தாள் தயாரித்தவரே பையனிடம் போய் விடை கேட்பாரா? (வாத்தியார் புத்தி, எதற்கும் ஓர் உதாரணம் வந்துவிடுகிறது.) நீ அந்த ஓ.டி.பி.யைச் சொன்னதும் உன் போன் நம்பரே அவன் போனுக்குப் போய்விட்டது. நேற்று கூப்பிட்டேன், அவன்தான் எடுத்தான். "சொல்லுங்க சார்" என்றான். இனிமையான குரல்தான்.

நம்பரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பேங்க் கணக்கையும் முடக்கியாச்சு, சைபர் போலீஸின் 1930-இல் புகாரும் கொடுத்தாச்சு. பணம் தப்பித்தது. புது சிம்முக்கு நீதான் ஆதாரோடு காந்தி ரோடு கடைக்கு வர வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு திருப்புட்குழியில் தங்கை வீட்டிலேயே இருந்துவிடாதே.

எனக்கு ஆறாதது வேறு. நீ போனை எடுக்க நேரமானதும், "முட்டி வலியாம்மா?" என்று கேட்டானாம். ராத்திரி தூக்கம் வராதது வரைக்கும் அவனிடம் சொன்னாயாம். உன் தங்கைதான் சொன்னாள். நான் கேட்டால் மட்டும், "ஒன்னும் இல்லைங்க, நீங்க சாப்பிடுங்க" என்கிறாய்.

புது சிம் போட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் போன் எனக்குத்தான். நேரில் சொல்ல உனக்கு வராது; நான் கூடத்தில் இருக்கிறேன், நீ சமையலறையிலிருந்து பேசு. அவனிடம் சொன்னதையெல்லாம் சொல். நடுவில் நான் உதாரணம் எதுவும் சொல்ல மாட்டேன்.

அனுவின் அப்பா