குத்திக் களைத்த காவல்காரன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் “சரிக்கா, சரிக்கா” என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம். முழுசாகப் படி.

நீ செய்த வீடியோ கேமை ஆடிப் பார்த்தவர்கள் ரொம்பச் சுலபம் என்கிறார்கள், எதிரிகளின் பலத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லி மேலாளர் நெருக்குகிறார், திங்கட்கிழமை தலையாட்டிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு.

நீ அனுப்பியதை இங்கே என் வீட்டுக்காரர் ஆடுகிறார். ஆமாம், பொம்மைச் சண்டைக்கெல்லாம் சம்பளமா என்று உன்னைக் கிண்டலடித்த அதே மாமாதான். விபத்துக்குப் பிறகு பஸ் ஓட்டப் போக முடியாமல், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் ஜன்னலோரமே கிடந்தார். எரிச்சலில் நான்தான் லேப்டாப்பில் அதைப் போட்டு அவர் மடியில் வைத்தேன்.

முதலில் நான் ஆடினேன். கோட்டை வாசல் காவல்காரனைக் கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களை அமுக்கியே வீழ்த்திவிட்டு, இதென்ன பிரமாதம் என்று சமையலுக்குப் போய்விட்டேன். உன் மேலாளரும் என் ரகம்தான் போலிருக்கிறது!

மாமாவுக்கு இடது கை இன்னும் தூக்க வரவில்லை. வலது கையால் நகரலாம், விலகலாம். அடிக்கும் பட்டன் இடது கைப்பக்கம், எட்டாது. ஆகவே அடிக்கவே இல்லை. காவல்காரன் ஈட்டியை நீட்ட நீட்ட விலகிக்கொண்டே இருந்தார். சில குத்துகள் வாங்கினாலும் உயிர் மிச்சமிருந்தது, அதற்குள் ஆளை அளந்துவிட்டார். “குத்தறதுக்கு முன்னாடி தோளைத் தூக்குறான் பாரு. ஓவர்டேக் பண்ண வர்றவன் மாதிரி முன்னாடியே காட்டிக்கொடுத்துடுறான்” என்றார். கடைசியில் அந்தத் தடியன் மூச்சுவாங்கி, ஈட்டியை ஊன்றி உட்கார்ந்து, தானே கதவைத் திறந்துவிட்டான். நான் கரண்டியோடு ஓடி வந்து பார்த்தேன்.

இதை அவனுக்குள் வைத்தது நீதானே? அங்கே ஒருத்தராவது கண்டுபிடித்தார்களா? ஜெயித்த பிறகும் மாமா அவனிடமே திரும்பிப் போகிறார். ஒரு குத்துகூடப் படாமல் ஜெயிக்க வேண்டுமாம். சுலபமான சண்டைக்குள் இவ்வளவு வைத்திருக்கிறாயே! எனக்கு அப்படி ஒரு பெருமை. “உன் தம்பி கெட்டிக்காரன்டி” என்று நேற்று அவர் வாயாலேயே சொன்னார்.

பலத்தைக் கூட்டினால் முதல் குத்திலேயே ஆடுகிறவர் காலி. அப்புறம் தோளை எங்கே பார்ப்பது?

திங்கட்கிழமை தலையாட்டாதே. அடிக்காமல் ஆடிக் காட்டு, அவர்களும் பார்க்கட்டும். கதவு திறந்தபோது மாமா சத்தமாகச் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. மறுபடி பஸ் ஓட்டலாமா என்று அவர் டாக்டரிடம் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. அந்தக் காவல்காரனை மட்டும் அப்படியே விட்டுவை, கண்ணா.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா